சின்ன வண்டி, பெரிய குழி

ஒரு காரை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் எடை 125-இல் ஒரு பங்காகிவிடும். 1,250 கிலோ வண்டி 10 கிலோவுக்கு இறங்கும். கலிஃபோர்னியாவில் தொடங்கிய எச்.பி.ஐ. நிறுவனத்தின் பாஹா 5பி என்ற ரேடியோ கன்ட்ரோல் கார் இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. ஐந்தில் ஒரு பங்கு அளவு, 80 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம், ஏறத்தாழ 10 கிலோ எடை. பின்புறம் 23 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜின், பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் 1967-இல் தொடங்கிய புகழ்பெற்ற பாலைவனப் பந்தயத்தில் ஓடும் பக்கி வண்டிகளின் சாயல் அதற்கு. கையில் தூக்கிப் பார்த்தவர்கள் அதைப் பொம்மை என்று சொல்லத் தயங்குவார்கள்.

வண்டியைச் சுருக்கிவிட்டோம், சரி. தரையை யார் சுருக்குவது? நிஜக் காருக்குக் கணுக்கால் ஆழமாகத் தெரியும் குழி இந்த வண்டிக்கு முழங்காலளவுப் பள்ளம். புவியீர்ப்பும் வண்டியோடு சேர்ந்து சுருங்குவதில்லை. பாஹா 5பி ஒரு மண்மேட்டிலிருந்து எகிறி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், அதன் உடலளவோடு ஒப்பிட நிஜக் கார் ஐந்து மீட்டரிலிருந்து விழுவதற்குச் சமம். வேகத்துக்கும் இப்படி ஒரு மாற்றுவிகிதம் உண்டு. நீளம் ஐந்து மடங்கு குறையும்போது, அதே மாதிரியான அசைவைத் தரும் வேகம் ஐந்தின் வர்க்கமூலமான 2.24 மடங்குதான் குறைகிறது. ஆகவே சின்ன வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் மண்பாதையில் ஓடுவது, பெரிய வண்டி அதே பாதையின் ஐந்து மடங்குப் பெரிய பிரதியில் சுமார் 134 கிலோமீட்டரில் பாய்வதற்கு ஒப்பு. நிஜத்தில் எந்த ஓட்டுநரும் அப்படி ஒரு பாதையில் மணிக்கணக்காக அந்த வேகத்தில் போகமாட்டார். சின்ன வண்டியிடம் நாம் அதைத்தான் கேட்கிறோம்.

இந்தச் சுமை முழுவதும் போய்ச் சேரும் இடம் நான்கு ஷாக் அப்சார்பர்கள். என்ஜினுக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியைக்கூட பலரும் இவற்றுக்குத் தருவதில்லை. என்ஜின் கெட்டால் வண்டி நின்றுவிடும், உடனே தெரியும். ஷாக் கெட்டால் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். திருப்பத்தில் வழுக்குவதற்கு டயரைக் குறை சொல்வோம், குதித்து இறங்கியபின் கவிழ்வதற்கு நம் கையைக் குறை சொல்வோம். கோளாறு ஒரு சிலிண்டருக்குள் ஒளிந்திருக்கும்.

சுருள் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகவே பொருத்தப்பட்டிருப்பதால் இரண்டுக்கும் ஒரே வேலை என்று தோன்றும். ஸ்பிரிங் ஆற்றலை வாங்கி வைத்துக்கொள்ளும், பின் திருப்பித் தந்துவிடும். ஷாக்தான் அதைத் தீர்த்துக்கட்டுகிறது. வண்டியின் எடையால் ஸ்பிரிங் 25 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், தடுப்பார் இல்லாதபோது வண்டியின் உடல் வினாடிக்குச் சுமார் மூன்று முறை மேலும் கீழும் ஆடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வண்டி ஐந்தரை மீட்டர் நகர்ந்திருக்கும். ஒரு குழியில் தொடங்கிய ஆட்டம் அடுத்த திருப்பம் வரை தொடரும். உடல் மேலே எழும் ஒவ்வொரு முறையும் டயரின் பிடி தளரும். பிடி தளர்ந்த நேரத்தில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. ஷாக்கின் முதல் கடமை வண்டியைச் சொகுசாக வைப்பதல்ல, டயரைத் தரையிலேயே இருத்துவது.

உள்ளே இருப்பது எளிமையான அமைப்பு. அலுமினியச் சிலிண்டர், அதற்குள் ஆயில், ஆயிலுக்குள் ஓட்டைகள் போட்ட தட்டையான பிளாஸ்டிக் பிஸ்டன், பிஸ்டனைப் பிடித்திருக்கும் எஃகு ராடு. சக்கரம் ஏறி இறங்கும்போது பிஸ்டன் ஆயிலைக் கடந்து போக வேண்டும். ஆயில் அந்தச் சிறு ஓட்டைகள் வழியாகப் பிதுங்கித்தான் மறுபக்கம் போக முடியும். அந்தப் பிதுங்கலில் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. நிஜக் காரின் ஷாக்கில் இந்த இடத்தில் வால்வுகள் இருக்கும். அமுங்கும்போது ஒரு தடை, விரியும்போது வேறொரு தடை என்று அவை பிரித்துக் கொடுக்கும். சின்ன வண்டிகள் பெரும்பாலானவற்றில் வால்வு கிடையாது. ஆயிலின் கனமும் ஓட்டையின் அளவுமே வால்வு. அதனால்தான் இங்கே ஆயில் ஒரு மசகுப் பொருள் அல்ல, ஓர் உதிரிபாகம். பழைய ஆயிலோடு ஓடும் ஷாக், தேய்ந்த வால்வோடு ஓடும் ஷாக்.

அந்த ஆயில் சிலிக்கோன் ஆயில். அதன் பாகுத்தன்மையைச் சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். தண்ணீருக்கு அது ஏறத்தாழ 1. இந்த வண்டிகளில் சில நூறு முதல் ஆயிரம் வரை புழங்கும். 500 என்பது, 30 டிகிரி வெப்பத்தில் விளக்கெண்ணெய் கரண்டியிலிருந்து இறங்குமே, கிட்டத்தட்ட அந்த ஓட்டம். பல பாட்டில்களில் இதற்குப் பதிலாக "வெயிட்" என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். ரேடியோ கன்ட்ரோல் கார் தயாரிக்கும் டீம் அசோசியேட்டட் நிறுவனத்தின் அட்டவணைப்படி 30 வெயிட் என்பது 350 சென்டிஸ்டோக்ஸ், 40 வெயிட் என்பது 500. வேறொரு நிறுவனத்தின் 40 இதே 500 ஆக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. முன் ஷாக்குக்கு ஒரு பிராண்டும் பின் ஷாக்குக்கு வேறு பிராண்டும் ஊற்றிவிட்டு வெயிட் எண்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை. சென்டிஸ்டோக்ஸ் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது நல்லது. ஒரே நிறுவனத்தின் 350-ஐயும் 500-ஐயும் கலந்தால் இடைப்பட்ட கனம் கிடைக்கும். இரண்டும் ஒரே வேதிப்பொருள்தான், மூலக்கூறுச் சங்கிலியின் நீளம் மட்டுமே வேறு.

ஓட்டையின் விஷயம் இன்னும் நுட்பமானது. மெதுவாக ஓடும் கனத்த திரவம் ஒரு குறுகிய துளை வழியே போகும் அளவு, துளை விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 1.4 மில்லிமீட்டர் துளையை 1.5 ஆக்கினால் நாம் கூட்டியது பத்தில் ஒரு மில்லிமீட்டர். போகும் ஆயிலோ அதே அழுத்தத்தில் சுமார் 32 சதவீதம் கூடிவிடும். மழுங்கிய டிரில் பிட்டைக் கொண்டு வீட்டில் பிஸ்டனைத் துளைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். வேகம் கூடும்போது இன்னொரு தடையும் சேர்ந்துகொள்கிறது. துளை வாயில் ஆயில் திடீரென்று முடுக்கப்படுவதால் வரும் அந்தத் தடை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆயில் கனமா லேசா என்பது அதற்குப் பெரிய பொருட்டில்லை. மெதுவான ஆட்டத்தை ஆயிலின் கனம் ஆள்கிறது, குதித்து விழும் கணத்தை ஓட்டையின் அளவு ஆள்கிறது. திருப்பத்தில் வண்டி சாய்கிறதென்று கனமான ஆயிலுக்கு மாறியவர்கள், தாவலில் அடிவயிறு தரையில் மோதுவது மட்டும் குறையவில்லையே என்று திகைப்பது இதனால்தான்.

வெப்பத்துக்கு ஒரு சிறு கணக்கு. 10 கிலோ வண்டி ஒரு மீட்டர் விழுந்தால் தீர்க்க வேண்டிய ஆற்றல் 98 ஜூல். நான்கு ஷாக்கும் சமமாகப் பகிர்ந்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 25 ஜூல். ஒரு ஷாக்கில் 30 மில்லி ஆயில் இருப்பதாகவும், வெப்பம் முழுவதும் அதற்கே போவதாகவும் வைத்துக்கொண்டால், ஒரு தாவலுக்கு ஏற்றம் அரை டிகிரி. அற்பம்தான். ஆனால் பெட்ரோல் டேங்க் ஒருமுறை தீர்வதற்குள் நூற்றுக்கணக்கான மேடுகள் வந்துபோகும். சிலிண்டர் சுவர் வழியே காற்றுக்குப் போகும் வெப்பம் போக மீதி ஆயிலில் தங்கும். சிலிக்கோன் ஆயில் மற்ற எண்ணெய்களைவிடச் சூட்டைத் தாங்கும் என்பது உண்மை, தாங்குவதற்கும் ஓர் அளவு உண்டு என்பதும் உண்மை. 25 டிகிரியில் 500 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும் ஆயில் 60 டிகிரியில் அதில் பாதியளவுக்கு வந்துவிடும். காலையில் ஒழுங்காக இருந்த வண்டி மதிய வெயிலில் ஊசலாடினால் ஆயிலைச் சந்தேகிப்பது நியாயம்.

அடுத்த எதிரி காற்று. ராடு உள்ளே போகும்போது அதன் பருமன் அளவுக்குச் சிலிண்டரில் இடம் வேண்டும். 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ராடு 40 மில்லிமீட்டர் உள்ளே போனால் 1.1 மில்லி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆயில் அமுங்காது. ஆகவே மேல் மூடிக்கடியில் ஒரு ரப்பர் டயஃப்ரம் வைத்து, அது மேலே ஒதுங்கி இடம் கொடுக்கும்படி செய்திருக்கிறார்கள். டயஃப்ரத்தின் பின்னால் இருப்பது வெறும் காற்று, அதாவது வளிமண்டல அழுத்தத்தை ஒட்டிய அழுத்தம். சக்கரம் பலமாகக் குத்துப்பட்டு பிஸ்டன் விருட்டென்று மேலேறும்போது, அதன் கீழ்ப்பக்கம் ஆயில் நிரம்புவதற்கு முன்பே அழுத்தம் பூஜ்யத்தை நோக்கிச் சரிகிறது. சிலிக்கோன் ஆயில் தன் பருமனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு காற்றைக் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடியது. அழுத்தம் சரிந்த நொடியில் அந்தக் காற்று குமிழிகளாக வெளிவரும். நல்ல ஓட்டம் ஓடி வந்த வண்டியின் ஷாக்கை உடனே திறந்தால் ஆயில் நுரைத்துப் பால்நிறமாக இருப்பது இதனால்தான். நுரை அமுங்கும், அமுங்கும் பொருள் ஓட்டை வழியே பிதுங்கும்போது ஆயில் அளவுக்குத் தடை தராது.

நிஜக் கார்களிலும் இதே தொல்லை இருந்தது. 1950-களில் பிரான்சின் கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன் இதற்கு ஒரு தீர்வு கண்டார். ஒரே குழாய், அதன் ஒரு முனையில் மிதக்கும் தனிப் பிஸ்டன், அதற்குப் பின்னால் உயர் அழுத்தத்தில் வாயு. ஆயில் எப்போதும் வளிமண்டல அழுத்தத்தைப் போல 20 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் நெருக்கப்பட்டிருந்தால், பிஸ்டன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பின்னால் வெற்றிடம் பிறக்காது. பில்ஸ்டீன் நிறுவனம் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு பேர்பெற்றது. நம் சின்ன ஷாக்கின் ரப்பர் டயஃப்ரம் அந்த மிதக்கும் பிஸ்டனின் எளிய உறவு. அழுத்தம் என்னும் ஆயுதம் மட்டும் அதன் கையில் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டுவது, ஆயில் நிரப்பும்போது நாம் காட்டும் பொறுமை.

இனி ஷாக்கைக் கழற்றுவோம். வண்டியிலிருந்து எடுத்து, ஸ்பிரிங்கை நீக்கி, வெளிப்புறத்தை முதலில் துடைத்துவிட வேண்டும். மேல் மூடியைத் திறப்பதற்கு முன் மரையைச் சுற்றியுள்ள மண்ணை பிரஷ்ஷால் தட்டிவிடாவிட்டால், திறக்கும் அந்த ஒரு நொடியில் வருடம் முழுவதும் வெளியே இருந்த மண் உள்ளே போய்விடும். ஆயிலை வெள்ளைத் தாளின் மேல் கொஞ்சம் ஊற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம். புது ஆயில் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். சாம்பல் நிறமும் மினுமினுப்பும் தெரிந்தால் அது சிலிண்டர் சுவரிலிருந்து உரசி வந்த அலுமினியம். எங்கோ ராடு வளைந்திருக்கிறது, அல்லது கீழ்ப்பக்க புஷ் தேய்ந்து ராடு சாய்ந்து ஓடுகிறது. ராடைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து உருட்டினால் வளைவு கண்ணுக்குத் தெரியும். இடையில் வெளிச்சம் தோன்றி மறையும். வளைந்த ராடை நிமிர்த்தித் திரும்பப் போடுபவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. நிமிர்த்திய இடம் அடுத்த பெரிய தாவலில் மறுபடி வளையும், அதற்குள் ஒரு ஜோடி சீல் வீணாகியிருக்கும்.

கீழ்ப்பக்கம் சீலாக இருக்கும் ஓ-ரிங்குகளை வெளியே எடுத்து பூதக்கண்ணாடியில் பாருங்கள். புது ஓ-ரிங்கின் குறுக்குவெட்டு வட்டம். வேலை செய்து ஓய்ந்ததன் உள்விளிம்பு தட்டையாகி, பட்டை தீட்டியதுபோல் பளபளக்கும். அந்தத் தட்டைப் பட்டையில் நெடுக்காக மெல்லிய கீறல்கள் தெரிந்தால் குற்றவாளி தூசி. ராடு வெளியே வரும்போதெல்லாம் அதன்மேல் ஆயிலின் மெல்லிய படலம் ஒன்று கூடவே வருகிறது. அதில் மண்துகள் ஒட்டுகிறது. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ், எஃகைவிடக் கடினமானது. அடுத்த அமுக்கத்தில் அது சீலுக்குள் இழுக்கப்பட்டு, ரப்பரையும் அறுத்து ராடிலும் கோடு போடுகிறது. ராடில் நகம் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்துவிட்டால் புது ஓ-ரிங் போடுவதில் பயனில்லை. கோடு அதையும் கிழிக்கும். டைட்டேனியம் நைட்ரைடு பூசிய பொன்னிற ராடுகள் விற்பது அலங்காரத்துக்காக அல்ல, அந்தப் பூச்சின் கடினம் இந்தக் கீறலைத் தள்ளிப்போடுகிறது. ஷாக்கின் மேல் போடும் துணியுறையும் உதவும். ஆனால் ஆயில் ஊறிய உறையை அப்படியே விட்டால் அதுவே தூசியைத் தாங்கி நிற்கும்.

ஓ-ரிங்கின் ரப்பர் எந்த வகை என்பதும் கவனிக்க வேண்டியது. சிலிக்கோன் ரப்பர் மிருதுவானது, ராடை உரசாமல் விடும். ஆனால் சிலிக்கோன் ஆயில் அதன் இனம் என்பதால் உள்ளே ஊறி, ரிங் உப்பிவிடும். உப்பிய ரிங் ராடைக் கவ்விப் பிடிக்கும். நைட்ரைல் ரப்பர் அப்படி உப்பாது. நாளடைவில் தன்னிலிருக்கும் மென்மையூட்டியை ஆயிலுக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கி விறைக்கும். இரண்டில் எதைப் போட்டாலும் சீல் நிரந்தரம் இல்லை. கிரீஸ் தடவுவதாக இருந்தால் பெட்ரோலியக் கிரீஸ் வேண்டாம். பிரேக் கிளீனர் ஸ்பிரேயை உலோகப் பாகங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அது ரப்பரை உப்பவைத்துப் பின் உலர்த்தி வெடிக்க வைக்கும். ரப்பருக்குப் பஞ்சு இழை விடாத துணியும் கொஞ்சம் புது ஷாக் ஆயிலுமே போதும்.

திரும்பப் பூட்டும்போது அதிகம் பேர் சீலைக் கெடுக்கும் இடம் ராடின் முனை. அங்கே மரை வெட்டியிருக்கும். அதன் விளிம்பு கத்தி மாதிரி. ஓ-ரிங்கை அதன்மேல் நேராக இழுத்தால் உள்விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத வெட்டு விழும், ஷாக் முதல் ஓட்டத்திலேயே ஒழுகும். மரையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஆயில் தடவி, ரிங்கை மெதுவாகத் தள்ள வேண்டும். ராடைப் பிடிக்கக் கட்டிங் பிளேயரின் பல் படவே கூடாது. பிஸ்டனை இறுக்கும் நட்டுக்கு மரைப்பசை போடுவதாக இருந்தால் மரையிலிருக்கும் சிலிக்கோனைத் துளிகூட விடாமல் துடைத்திருக்க வேண்டும். சிலிக்கோன் படிந்த இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. அலுமினிய மூடியைப் பூட்டும்போது முதலில் எதிர்த்திசையில் திருப்பி, மரை ‘டக்’கென்று தன் இடத்தில் விழுவதை விரலில் உணர்ந்த பிறகு முன்னோக்கித் திருப்பினால் மரை மாறிப் பிடிக்காது.

இப்போது ஆயில். சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்தி, பிஸ்டனைக் கீழே இழுத்துவிட்டு, விளிம்புவரை நிரப்பி, ராடை மிக மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினால், பிஸ்டனுக்கு அடியில் சிக்கிய காற்று ஓட்டைகள் வழியே வெளிவரும். பெரிய குமிழிகள் உடனே மேலே வந்துவிடும். அதோடு வேலை முடிந்தது என்று மூடியைப் போட்டுவிடுகிறார்கள். கனத்த திரவத்தில் குமிழி ஏறும் வேகம் அதன் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் கணக்கிட்டுச் சொன்னார். நாம் பாட்டிலில் பார்க்கும் ஸ்டோக்ஸ் அலகு அவர் பெயரால் வந்ததுதான். 500 சென்டிஸ்டோக்ஸ் ஆயிலில் ஒரு மில்லிமீட்டர் குமிழி ஐந்து சென்டிமீட்டர் ஏற முக்கால் நிமிடம் எடுக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு விட்டமுள்ள 0.2 மில்லிமீட்டர் குமிழிக்கு 25 மடங்கு நேரம், அதாவது ஏறத்தாழ 19 நிமிடம். வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் அவை ஆயிலுக்குள் ஊசிமுனைப் புள்ளிகளாக மிதப்பது தெரியும். அரை மணி நேரம் ஷாக்கை நிமிர்த்தியபடி விட்டு வேறு வேலை பார்க்கலாம். இந்தப் பராமரிப்பு முழுவதிலும் செலவே இல்லாத படி இதுதான், அதிகம் தவிர்க்கப்படுவதும் இதுதான்.

குமிழி அடங்கியதும் டயஃப்ரத்தை ஓரத்திலிருந்து சாய்த்து இறக்க வேண்டும். அதிகப்படி ஆயில் வழிந்து வெளியேறும், அடியில் காற்று சிக்காது. மூடியை இறுக்கியபின் ராடைக் கடைசிவரை அமுக்கிப் பாருங்கள். பாதியில் கல்போல் நின்றால் ஆயில் கூடிவிட்டது. ராடுக்கான 1.1 மில்லி இடம் உள்ளே இல்லை. அப்படியே ஓட்டினால் முதல் பெரிய தாவலில் மூடி பிய்யும், அல்லது கீழ் முனையின் பந்துமூட்டு கழன்று தெறிக்கும். மூடியைச் சற்றுத் தளர்த்தி, ராடை அமுக்கி, கொஞ்சம் ஆயிலை வழியவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். அமுக்கும்போது சளசளவென்று சத்தம் கேட்டால் எதிர்மாறான குறை, காற்று உள்ளே இருக்கிறது. மறுபடி திறக்க வேண்டியதுதான்.

கடைசிவரை அமுக்கி விட்டால் ராடு தானாகக் கொஞ்சம் வெளியே வரும். எவ்வளவு வர வேண்டும் என்பது ஓட்டுபவரின் விருப்பம், பாதையின் தன்மை. ஆனால் இடதும் வலதும் ஒரே அளவு வந்தாக வேண்டும். இரண்டையும் கையில் சேர்த்துப் பிடித்து ஒன்றாக அமுக்கி விட்டால் வித்தியாசம் உடனே தெரியும். கீழ் முனையை இரண்டிலும் ஒரே நீளத்துக்குத் திருகியிருக்கிறோமா என்று ஸ்கேலால் அளந்துகொள்வதும் அவசியம். ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஒழுகியது ஒன்றே ஒன்றாக இருந்தாலும் ஜோடியாகத்தான் செய்ய வேண்டும். ஒரு பக்கம் புது ஆயிலும் மறுபக்கம் பழைய ஆயிலும் இருந்தால் வண்டி இடப்பக்கத் திருப்பத்தில் ஒரு குணமும் வலப்பக்கத்தில் ஒரு குணமும் காட்டும், எதைச் சரிசெய்வது என்று தெரியாமல் அலைவோம்.

புதிதாகப் பூட்டிய ஷாக்கோடு முதல் ஓட்டம் ஒரு டேங்க் பெட்ரோலோடு முடியட்டும். பிறகு நான்கையும் கழற்றி அமுக்கிப் பாருங்கள். ஓட்டத்தில் கொஞ்சம் காற்று கரைசலிலிருந்து பிரிந்து மேலே சேர்ந்திருக்கும், ஆயில் மட்டம் சற்று இறங்கியிருக்கும். மூடியைத் திறந்து, அதே பாட்டிலிலிருந்து, குறைந்த அளவை மட்டும் ஊற்றி மூடினால் ஷாக் செட்டாகிவிடும். பாட்டிலின் மேல் எந்த ஷாக்குக்கு எந்தத் தேதியில் ஊற்றியது என்று மார்க்கரில் எழுதி வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது தாளில் விழும் ஆயிலின் நிறம் எத்தனை நாளில் மாறியது என்பதை அந்தத் தேதிதான் சொல்லும், உங்கள் பாதைக்கும் உங்கள் ஓட்டத்துக்கும் ஆயில் மாற்றும் இடைவெளியை அதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.